வரிசையில் நிற்காத தொட்டி

மாலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதையும் வாங்க வருவதில்லை. காற்று வாங்க வருகிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஓசியில் ஏசி. அவர்களை நாங்கள் குறை சொன்னதில்லை. சும்மா சுற்றுகிறவனுக்கும் பசிக்கும், பசித்தால் மேல்மாடிக்கு ஏறுவான், ஏறும் வழியில் ஏதாவது அவன் கண்ணில் படும். அந்த ஏதாவது எது என்பதை முடிவு செய்கிறவன் நான். செய்தவன் என்று சொல்ல வேண்டுமோ? நேற்றே உங்கள் கான்ஸ்டபிள் என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

நீங்கள் கேட்பது என் தங்கை புருஷன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்ததைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் கட்டடம் புரியாமல் அது புரியாது. நீங்கள் குடும்பத்தோடு பலமுறை வந்திருப்பீர்கள். இருந்தாலும் உங்களுக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அதைக் கட்டியிருக்கிறது.

அந்த இடத்தில் முன்பு சோப்புத் தொழிற்சாலை இருந்தது. பெருமழை பெய்தால் இப்போதும் அடித்தளப் பார்க்கிங்கில் சுவரோரம் லேசாக சோப்பு வாசனை வரும். புது ஆட்கள் யாரோ தரை துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். தொழிற்சாலை நொடித்துப் போனதும் பெரிய முதலாளி அதை வாங்கி இடித்துவிட்டு இந்த மால் கட்டினார். இந்த ஊரின் முதல் எஸ்கலேட்டர் எங்களுடையது. திறந்த புதிதில் அதில் ஏறிப் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறியவர்கள் உண்டு. நடுக்கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஏறும் கண்ணாடி லிஃப்ட் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் தொப்பி போட்டுக்கொண்டு நான். அதுதான் என் முதல் வேலை.

பிறகு பின்பக்கத்தில் இன்னொரு கட்டடம் சேர்ந்தது. உச்சியில் சினிமா வந்தது. பெரிய முதலாளி போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் ஒரு நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கைகழுவினார்கள். நிறுவனத்துக்காரர்கள் தூண்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள், மாடி விளிம்புகளில் இருந்த இரும்புக் கைப்பிடிகளைப் பிடுங்கிவிட்டு வெறும் கண்ணாடியாக நிறுத்தினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் நான் கட்டட நிர்வாகி ஆகியிருந்தேன். தொப்பியிலிருந்து டை வரைக்கும் நானாக ஏறி வந்தேன். எனக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை.

சினிமா ஏன் உச்சியில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? படம் விட்டு இறங்குகிறவன் எல்லாக் கடை வாசலையும் மிதித்துவிட்டுத்தான் வீடு போக வேண்டும். கழிப்பறை எப்போதும் நீளமான நடையின் கடைசியில் இருப்பதும் அதற்காகத்தான். சுவரில் கடிகாரம் கிடையாது. ஏறி வந்த எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்காது, பாதி மாடியைச் சுற்றினால்தான் கிடைக்கும். உங்கள் வீட்டுக்காரம்மா 'சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்' என்று சொல்லியிருப்பார். அது தன்னுடைய யோசனை என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயம், இதை வெளியாட்களிடம் சொல்வதில்லை. மாலில் எதுவும் பழுதாகாது. பழுதானால் அது யார் கண்ணிலும் படாது என்று அர்த்தம். தரையில் கல் பெயர்ந்தால் மஞ்சள் நாடா கட்ட மாட்டோம், 'அபாயம்' என்று பலகை வைக்க மாட்டோம். அதைப் பார்த்தால் ஜனங்களுக்கு மனசு சுருங்கிவிடும், பர்ஸுக்குப் போன கை திரும்பிவிடும் என்பார் பெரிய முதலாளி. அதனால் பழுதான இடத்தில் ஒரு செடித்தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவோம். இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி, அதில் ஆள் உயரச் செடி. வருகிறவனுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அது எச்சரிக்கை. ஒரு தொட்டி வரிசையை விட்டுத் தனியாக நின்றால் அங்கே கால் வைக்கக் கூடாது, சாயக் கூடாது. காவலாளிகளுக்குத் தெரியும், தரை துடைக்கிற பெண்களுக்குத் தெரியும், எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். கடைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அதைச் சாக்கு வைத்து வாடகையைக் குறை என்று வந்து நிற்பார்கள்.

தங்கை புருஷன் ஒரு கடைக்காரர். பொம்மைக் கடை. மால் முழுக்க அவரைப் 'பொம்மை சார்' என்று கூப்பிடும். மூன்றாம் மாடியில், எஸ்கலேட்டர் கொண்டுவந்து இறக்கிவிடும் இடத்துக்கு நேர் எதிரே அந்த இடத்தை அவருக்குப் பிடித்துக் கொடுத்தவன் நான். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. வாசலில் நின்று சோப்புக் குமிழி ஊதுவார், பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வரும். எனக்கு விறைப்பாக சல்யூட் வைக்கிற காவலாளிகள் அவர் தோளில் கை போட்டுப் பேசுவார்கள். அவரிடம் குறை என்று ஒன்றும் கிடையாது. பழகப் பழக அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அதற்காக நான் அவரை ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனத்தின் பெரிய ஆட்கள் கட்டடத்தைப் பார்க்க வந்த அன்றுதான் ஆரம்பித்தது. கோட் போட்ட நாலைந்து பேர், அவர்களோடு ஒரு இளம்பெண் அதிகாரி. நான் ஒவ்வொரு மாடியாகக் காட்டி விளக்கிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் பேசினேன். பொம்மைக் கடை வாசலில் இவர் வழிமறித்து எல்லாருக்கும் கை கொடுத்தார். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மச்சானைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. இதே பில்டிங்ல லிஃப்டுக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்து பட்டன் அமுக்கிட்டு இருந்தவரு. இன்னைக்கு மொத்த பில்டிங்கும் அவர் கையில."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த இளம்பெண் என்னைப் பார்த்து, எந்த மாடி போகணும் என்று கேட்பீர்களா என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அன்றிலிருந்து காவலாளிகள் என் முதுகுக்குப் பின்னால் 'எந்த மாடி சார்' என்று சொல்லிக்கொள்வது என் காதில் விழுந்தது. அவர் பெருமையாகத்தான் சொன்னார் என்றாள் தங்கை. இருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எஸ்கலேட்டரின் திசையை மாற்ற ஒரு சாவியைத் திருப்பினால் போதும். பலருக்கு இது தெரியாது. மேலே வந்துகொண்டிருந்தது கீழே போக ஆரம்பித்தது, கீழே போனது மேலே வந்தது. ஜனங்கள் மாடியின் அந்தக் கோடியில் வந்து இறங்கினார்கள். பொம்மைக் கடைப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும்தான். வீட்டுக்குப் போகிறவன் கடையைப் பார்க்க மாட்டான், கார் சாவியைத் தேடுவான். அவர் சிரித்துக்கொண்டே வந்து, மச்சான், என்ன மாடிப்படி தலைகீழா ஓடுது என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு மாப்ள, என் கையில என்ன இருக்கு என்றேன். நம்பினார். கடைசிவரை நம்பினார். இதை நான் அவருடைய குறையாகத்தான் சொல்கிறேன். ஒரு மனுஷன் தன் பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றி அவ்வளவு அலட்சியமாக இருக்கக் கூடாது.

அடுத்து, கடைக்கு எதிரே இருந்த பெஞ்சை எடுத்தேன். பெற்றவர்கள் உட்கார இடமில்லை என்றால் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மூலைக்கு வரும் ஏசிக் காற்றைக் குறைத்தேன். வேர்த்தால் ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள், தாங்கள் ஏன் நகர்ந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. கடைசியாக வாசலை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள் வைத்தேன். அழகுபடுத்தும் திட்டம் என்று சொன்னேன். ஒரு கடையைச் சாகடிக்க இவ்வளவுதான் வேண்டும். சட்டப்படி இதில் ஒன்றும் குற்றமில்லை, உங்களுக்கே தெரியும்.

அவர் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமிழி ஊதுவதை நிறுத்திவிட்டார். காலையில் பொம்மைகளின் மேல் தூசி தட்டுவார், சாயங்காலம் மறுபடியும் தட்டுவார். நான் தினமும் போய் விசாரித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. எனக்குக் குடும்பம் கிடையாது. முதலில் குழம்பில் கறி குறைந்தது, பிறகு கறியே இல்லை. தங்கை என் தட்டில் மட்டும் ஒரு முட்டை வைப்பாள். நான் சாப்பிடுவேன், அவரைப் பார்ப்பேன். அவர் தலை நிமிராமல் சாப்பிடுவார். அந்தச் சிரிப்பு போய்விட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

தங்கை ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதனால் அவர்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். குட்டி என்று கூப்பிடுவோம். அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், முடித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பில் மூக்கை அழுத்திக்கொண்டு கீழே நடுக்கூடத்து நீரூற்றை வேடிக்கை பார்ப்பாள். மாமா, மாமா என்று என் மேல் உயிர்.

இந்தச் சமயத்தில்தான் கண்ணாடி ஆடியது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தயவுசெய்து அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரை துடைக்கிற தண்ணீர் இறங்கி இறங்கி, கண்ணாடியை அடியில் பிடித்திருக்கும் இரும்பு துருப்பிடித்துவிட்டது. துடைக்கிற பெண் வந்து சொன்னாள். நான் போய் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தேன். பல் ஆடுகிற மாதிரி வெளிப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. உடனே செடிக்காரரை வரவழைத்து, கடை வாசலிலிருந்த தொட்டிகளில் ஒன்றை அந்தக் கண்ணாடியை ஒட்டி நகர்த்தி வைக்கச் சொன்னேன். குட்டியிடம், இந்தப் பக்கம் வரக் கூடாது, செடியில் பூச்சி இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். புது இரும்புக்குச் சொல்லியனுப்பினேன், வருவதற்குத் தாமதமாகும் என்றார்கள். அன்றைக்கு நான் செய்தது எல்லாமே முறையானது. செடிக்காரரையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கீழே நீரூற்றிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பொம்மைக் கடை தெரிந்துகொண்டிருந்த ஒரே இடைவெளி அதுதான். அதையும் தொட்டி மறைத்துவிட்டது. அவர் அப்போது ஒரு யோசனை வைத்திருந்தார். துணியில் பெரிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று செய்து, மூன்றாம் மாடி விளிம்பிலிருந்து அதன் கழுத்தைக் கீழே தொங்கவிட வேண்டும், தலை முதலாம் மாடிவரை வர வேண்டும், பிள்ளைகள் பார்த்துவிட்டு எங்கே எங்கே என்று மேலே ஏறி வர வேண்டும். நல்ல யோசனைதான். எனக்கே தோன்றாத யோசனை. தங்கை வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து அதைத் தைத்தாள். அதைக் கட்ட அவருக்கு அந்த இடம் வேண்டும். தொட்டியை எடுங்க மச்சான் என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பார்க்கலாம் மாப்ள என்றேன்.

பிறகு தங்கை என் ஆபீசுக்கு வந்தாள். அவள் அங்கே வந்ததே கிடையாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விரல்களில் ஊசி குத்தின புள்ளிகள் தெரிந்தன.

"அண்ணா, நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. அந்தத் தொட்டிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அவரு ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு. இதுவும் நடக்கலேன்னா அவரைத் தேத்த முடியாது."

கண்ணாடி ஆடுது என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்திருக்கும். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் இதுதான், இல்லையா? அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கிறவரை யோசித்தேன். வேறு இடத்தில் கட்டச் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த ஒட்டகச்சிவிங்கி தொங்கினால் கூட்டம் வரும் என்றும் தோன்றியது. கூட்டம் வந்தால் அவர் மறுபடியும் வாசலில் நின்று சிரிப்பார், என் தோளைப் பிடிப்பார், எங்க மச்சான்தான் இடம் கொடுத்தாரு என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். நான் சரி என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் கட்டச் சொல், அன்றைக்குத்தான் கூட்டம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு நன்றியோடு என்னை யாரும் பார்த்ததில்லை.

செடிக்காரர் தயங்கினார் என்பது உண்மைதான்.

"சார், அந்தக் கண்ணாடி ஆடுதே."

"சரி பண்ணியாச்சு. எடுங்க."

இதைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். சரி பண்ணவில்லை. புது இரும்பு அப்போது வந்திருக்கவே இல்லை. இதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் யாராவது நீரூற்றைக் கழுவுவார்களா என்று கேட்டீர்கள். கழுவ மாட்டார்கள். நான்தான் கழுவப் போகிறோம் என்று சொல்லிச் சுற்றிலும் கயிறு கட்டவைத்தேன். கீழே யார் தலையிலும் எதுவும் விழக் கூடாதே. அவ்வளவு ஜனம், கைக்குழந்தைகள் வேறு. கழுவ வந்தவர்களையும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். தண்ணீரை ஏன் வடித்தீர்கள் என்றும் கேட்டீர்கள். கழுவுவதென்றால் வடித்துத்தானே ஆக வேண்டும்.

நேற்று நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றீர்கள். உங்கள் வயசுக்கு அப்படிப் பேசத் தோன்றும். நான் கல்நெஞ்சக்காரனாக இருந்தால் அன்றைக்கு மூன்றாம் மாடிக்குப் போயிருக்கவே மாட்டேன். எனக்கு அங்கே என்ன வேலை? குட்டிக்காகப் போனேன். அவள் அப்பாவுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தொட்டி இருந்த இடத்தில் தரை வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். வா குட்டி, மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தரேன் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க மச்சான். இவ இருந்தா கை கால்ல சிக்குவா. நான் இதைக் கட்டிட்டு வந்துடுறேன்."

எஸ்கலேட்டரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஐஸ்கிரீம் கடையில் நீரூற்றுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவருடைய கனம் தெரிந்த கனம்தான். கட்டுவதற்கு அவர் எப்படிச் சாய வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். குட்டி பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு டீச்சர் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணாடி வந்தது, பிறகு அவர், அவர் மேல் அந்தத் துணி. ஒட்டகச்சிவிங்கி அவரை முழுசாக மூடிவிட்டது. ஜனங்களுக்கு அது ஏதோ விளம்பரம் என்று தோன்றியிருக்க வேண்டும், சிலர் கைகூடத் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சனிக்கிழமைகளில் நடுக்கூடத்தில் ஏதாவது ஒன்று நடப்பது வழக்கம்தான். மாமா, அது என்ன சத்தம் என்று குட்டி தலையைத் திருப்ப முயன்றாள். நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லைடா, நீ சாப்பிடு என்றேன். அவள் சாப்பிட்டாள்.

ஆகையால் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள், அது உண்மையில்லை. விபத்து என்றும் எழுத வேண்டாம். நான்தான் அவரைக் கொன்றேன். தெரிந்து, யோசித்து, மற்றவர்களுக்கு எந்த இடைஞ்சலும் வராதபடி ஏற்பாடு செய்து கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

தங்கை என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். இப்போது அப்படித்தான் இருக்கும், இழவு வீட்டில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் நீங்களே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், குட்டியை ஒருமுறை இங்கே கூட்டிவரச் சொல்லுங்கள். அப்பா இல்லாத பிள்ளை, அதற்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.